நவமிக்கு ஓய்வெடுத்த ஹார்ன்

சாதனாவுக்கு மழை பிடிக்காது. கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த பெண் இப்படிச் சொன்னால் அங்கே ஒருவரும் நம்ப மாட்டார்கள். முதல் மேகத்தைக் கண்டதும் கிச்சுரி என்கிற பருப்புச் சோறு கிண்டி, ஹில்சா மீன் பொரித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிற ஊர் அது. ஜன்னல் மூன்றாம் மாடியில் இருப்பவர்களுக்குப் பாட்டு வரும். ஆதிகங்கைக் கால்வாய்க் கரையில் குடிசை போட்டவர்களுக்கு மழை என்றால் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிப் பரணில் போடுகிற வேலைதான் வரும்.

சாதனாவின் வீடு மூன்றாம் மாடியில்தான் இருந்தது. அப்பா திருவேங்கடம் துறைமுகத்தில் மரைன் ஆபீஸ் குமாஸ்தா. திருநெல்வேலியிலிருந்து வேலை கிடைத்து வந்தவர், அலிப்பூர் பக்கத்துக் குவார்ட்டர்ஸிலேயே தங்கிப்போனார். தொண்ணூறுகளில் சாதனா பள்ளிக்கூடம் போன காலத்தில், ஒவ்வொரு மழைக்காலத்திலும் அப்பா அவள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க, இவள் முழங்கால் தண்ணீரில் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். அதெல்லாம் விளையாட்டுத்தான். மழை பிடிக்காமல் போனது ஷெஃபாலியால்.

ஷெஃபாலி அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவள். சாதனாவுக்கு மாஷி, அதாவது சித்தி முறை. வீடு சேத்லாப் பக்கம் ஆதிகங்கைக் கரையில். பெயர்தான் கங்கை, பார்த்தால் சாக்கடை. ஆனாலும் அதற்குக் கடலோடு இன்னும் உறவு விட்டுப்போகவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஹூக்ளி ஆற்றில் ஓதம், அதாவது கடல் நீர்ப்பெருக்கு, ஏறினால் இந்தக் கால்வாயும் பொங்கும்; பொங்கிக் குடிசைக்குள் வரும். அதனால் ஷெஃபாலி காலையில் வந்ததும் விளக்குமாற்றைத் தொடுவதற்கு முன்னால் திருவேங்கடத்திடம்தான் போவாள். அண்ணன் முறை வைத்து அவரை தாதா என்று கூப்பிடுவாள்.

"தாதா, இன்னிக்குத் தண்ணி எப்ப?"

அவர் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த ஓத அட்டவணையைப் பார்த்து நேரம் சொல்வார். சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அந்த அட்டவணை பொய்த்ததில்லை என்பார். ஷெஃபாலி அந்த நேரத்தைக் கரை முழுக்கப் போய்ச் சொல்வாள். அட்டவணை ஒரு பக்கம் இருந்தாலும் கரைக்காரர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஓதம் ஏறுகிற நாளானாலும் சரி, மேகம் கறுத்த நாளானாலும் சரி, முறை வைத்து ஒருவர் படித்துறையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கையில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும். தண்ணீர் மூன்றாம் படியைத் தாண்டினால் தட்டை அடிப்பார். அவ்வளவுதான் அவர்களுடைய பேரிடர் மேலாண்மை. கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து, கண் இமை கொட்டாமல் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது லேசான காரியமா? ஷெஃபாலி பல நாள் பாத்திரம் தேய்க்கும்போதே குழாயடியில் தூங்கி விழுவாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சாதனாவுக்கு மழை கசந்தது.

சாதனா எலெக்ட்ரானிக்ஸ் படித்தாள். 2009 மே மாதத்தில் ஐலா புயல் அடித்தபோது அவளுக்குக் கடைசிப் பரீட்சை முடியவில்லை. நகரத்தில் மரங்கள் சாய்ந்தன. கரையில் கூரைகள் போயின. தட்டடிக்கிற முறைக்கு உட்கார்ந்திருந்தவரைக் காற்றே தள்ளிவிட்டது, தட்டு எங்கேயோ பறந்தது. அடுத்த வாரமே கல்லூரியில் காலநிலை மாற்றம் பற்றிக் கருத்தரங்கு நடந்தது. குளிர்சாதன அறையில் பிஸ்கட், காபி, பெரிய பெரிய வரைபடங்கள். கடல் மட்டம் எவ்வளவு உயரும், சுந்தரவனம் எப்போது மூழ்கும் என்றெல்லாம் பேசினார்கள். சாதனா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அர்க்யாவிடம் கேட்டாள்:

"ஷெஃபாலி மாஷி இன்னிக்கு ராத்திரி தூங்கறதுக்கு இதுல ஏதாவது இருக்கா?"

அர்க்யா லேக் கார்டன்ஸ் பையன், அவளோடு படித்தவன். வாய் கொஞ்சம் நீளம், கைவேலை சுத்தம். "இல்ல. நாமதான் செய்யணும்" என்றான்.

செய்தார்கள். கக்கூஸ் தொட்டிக்குள் மிதக்கிற பந்து இருக்கிறதே, அதை வாங்கி ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, குழாயைப் படித்துறைச் சுவரில் கட்டினார்கள். தண்ணீர் ஏறினால் பந்து ஏறும், ஏறிய பந்து மேலேயிருக்கிற சுவிட்சை அழுத்தும், சத்தம் வரும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! முதல் தடவை குழாய்க்குள் பாலிதீன் பை போய் அடைத்துக்கொண்டது. கொசுவலை கட்டினார்கள். இரண்டாம் தடவை வீட்டுக் காலிங் பெல்லை வைத்தார்கள். அது கொசு ரீங்காரம் போல இருந்தது, பக்கத்துக் குடிசைக்குக்கூடக் கேட்கவில்லை. கடைசியில் அர்க்யா கிதிர்பூரில் பழைய லாரி உதிரிக் கடையில் ஒரு ஹார்னைக் கண்டுபிடித்தான். ராகம் போட்டுக் கத்துகிற ஹார்ன். பஞ்சாப் லாரி ஒன்று குறுக்குச் சந்தில் நுழைந்துவிட்டது போல அலறும். அதை ஷெஃபாலியின் கூரைமேல் பொருத்தினார்கள். பேட்டரியும் சுவிட்சு வேலைகளும் ஒரு தகரப் பெட்டிக்குள். பெட்டி இல்லையென்றால் ஹார்ன் ஊமை.

ஜூலை பௌர்ணமியில் முதல் தடவையாக அது உண்மையான தண்ணீருக்குக் கத்தியது. கரை மொத்தமும் எழுந்து சாமான்களைத் தூக்கிவிட்டு, பிறகு நின்று சிரித்தது. ஷெஃபாலியின் புருஷன் நிமாய் பந்தல் கட்டுகிற தொழிலாளி. மூங்கில்மேல் குரங்கு போல ஏறுவான். அவன்தான் அந்த ஹார்னின் ராகத்தை வாயால் பாடிக்கொண்டு தெருவில் ஆடினான். ஆகஸ்டு முடிவதற்குள் படித்துறையில் தட்டோடு உட்காருகிற வழக்கம் நின்றுபோனது. யாரும் கூடிப் பேசி நிறுத்தவில்லை. ஹார்ன் இருக்கும்போது எதற்கு என்று ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். ஷெஃபாலி குழாயடியில் தூங்கி விழுவதும் நின்றது. சாதனாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இருக்காதா? படித்த படிப்பு ஒருத்தியின் தூக்கமாக மாறியதை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்?

செப்டம்பர் நடுவில் விஸ்வகர்மா பூஜை வந்தது. அன்றைக்குக் கல்கத்தாவில் ரிக்‌ஷா முதல் அச்சு இயந்திரம் வரை எல்லாவற்றுக்கும் பூஜை. கரைக்காரர்கள் ஹார்னுக்கும் பெட்டிக்கும் இருந்த இடத்திலேயே சாமந்தி மாலை போட்டு, செந்தூரம் வைத்து, சந்தேஷ் இனிப்பு படைத்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். அந்த வருஷம் துர்க்கா பூஜை சீக்கிரமே, செப்டம்பர் கடைசியிலேயே வந்தது. அஷ்டமியன்று சாயங்காலம் திருவேங்கடம் பூஜை அலமாரியைத் துடைத்துக்கொண்டே மகளைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, நாளைக்கு ஆயுத பூஜைலா? அந்தப் பெட்டியைக் கழட்டிக் கொண்டாந்துரு. பொட்டு வச்சு எடுத்துட்டு நாளான்னைக்குக் காலைல மாட்டிக்கலாம்."

"அப்பா, அது ஓடிக்கிட்டு இருக்கிற மெஷின். அதான் விஸ்வகர்மா பூஜைக்கே மாலை போட்டாச்சே!"

"அது அவுக போட்ட மாலை. நீ முதமுத கையால செஞ்ச பொருளுக்கு நம்ம வீட்டுல பொட்டு வைக்கண்டாமா? நவமிக்கு எங்க தண்ணி ஏறுது, சொல்லு? மொரா கோட்டால். வேணும்னா அட்டவணையைப் பாரு."

மொரா கோட்டால் என்றால் செத்த ஓதம். அஷ்டமி, நவமியை ஒட்டிக் கடல் ஏறுவதும் குறைவு, இறங்குவதும் குறைவு. திருவேங்கடம் சொன்னதில் எள்ளளவும் பிழையில்லை. சாதனாவும் அட்டவணையைப் பார்த்தாள். அப்பா முகத்தையும் பார்த்தாள். தன் கத்தரிக்கோல், தையல் மெஷின், பழைய டைப்ரைட்டர் என்று வருஷா வருஷம் வைக்கிற மனிதர், இந்த வருஷம் மகளுடைய பெட்டிக்கென்று நடுவில் இடம் ஒழித்து வைத்திருந்தார். அந்த இடத்தைக் காலியாக விட அவளுக்கு மனசு வரவில்லை.

நவமி காலையில் போய்ப் பெட்டியைக் கழற்றினாள். ஷெஃபாலி வாசலில் நின்றிருந்தாள். உள்ளே நிமாய் காலில் மாவுக்கட்டோடு பாயில் கிடந்தான். பத்து நாளைக்கு முன் பந்தல் வேலையில் மூங்கிலிலிருந்து விழுந்திருந்தான். குரங்குக்கும் கை தவறும் என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

"மாஷி, எங்க வீட்டுல இன்னிக்கு ஆயுத பூஜை. பெட்டியை நாளைக்குக் காலைல கொண்டுவந்துடறேன்" என்று சாதனா வங்க மொழியில் சொன்னாள்.

ஷெஃபாலி பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எடுத்துட்டுப் போ, மா. அதுவும் ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும். இன்னிக்கு மொரா கோட்டால்தானே?" என்றாள். வேறு யாரிடமும் சொல்ல வேண்டுமென்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு மேல் வானம் இருட்டியது. பூஜை முடிந்திருந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்த பெட்டி புத்தகங்களுக்கு நடுவே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மழை இறங்கிய விதத்தைப் பார்த்ததும் சாதனா எழுந்து அலமாரிப் பக்கம் போனாள். கை பெட்டியைத் தொடுகிற தூரத்தில் இருந்தது.

"எளா, புனர்பூஜை ஆகாம எடுக்கக் கூடாது" என்றாள் அம்மா சாவித்திரி, அடுக்களையிலிருந்தே. "தொட்டா அந்தத் தொழில் விளங்காதும்பாவ. விடியட்டும்."

"மழை இப்படிப் பெய்யுதேம்மா."

"மழை பெஞ்சா என்ன? ஓதம் இல்லைலா?" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து அர்க்யா போன் செய்தான். லேக் கார்டன்ஸ் தெருவில் இடுப்பளவு தண்ணீர், ஹார்ன் எப்படி இருக்கிறது என்று கேட்டான். பெட்டி தன் வீட்டில் இருக்கிறது என்றாள். அவனும், "மொரா கோட்டால்தானே, பரவாயில்ல" என்றான். அப்பா, ஷெஃபாலி, அர்க்யா, மூன்று பேரிடமும் ஒரே பதில். சாதனா உட்கார்ந்தாள். அம்மா கொடுத்த சுண்டலை வாங்கிச் சாப்பிட்டாள்.

அட்டவணைக்கு நிலவு தெரியும், மழை தெரியாது. முன்னெல்லாம் ஒரு நாள் முழுக்கப் பெய்கிற மழை இப்போது இரண்டு மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகிறது என்பதை அந்தக் கருத்தரங்கு வரைபடங்களில் சாதனாவே பார்த்திருந்தாள். அன்றைக்குக் கடலிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. ஊருக்குள்ளிருந்து வந்தது. அலிப்பூர் தண்ணீர், சேத்லாத் தண்ணீர் எல்லாம் வடிகால்களில் ஓடிக் கால்வாயில் விழ, கால்வாய் கரையைத் தாண்டியது.

கரைக்காரர்கள் எல்லாரும் தெருவில் துர்க்கா பூஜை நடத்துகிற கிளப்பின் பந்தலில் இருந்தார்கள். கூப்பிடு தூரத்து மேடுதான். கிச்சுரி வாங்க வரிசை. மழைக்கு எல்லாரும் தகரக் கூரைக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தது, மைக்கில் பாட்டு. ஷெஃபாலி நிமாய்க்கு வாங்குவதற்காக வாளியோடு நின்றாள். வரும்போது நாய் நுழையாமலிருக்கக் கதவை வெளியே தாழிட்டு வந்திருந்தாள். ஐந்து நிமிஷத்தில் திரும்புகிறவள் வேறென்ன செய்வாள்?

மழை சற்று வெறித்ததும் சாதனா யாரையும் கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சேத்லாச் சந்துக்குள் நுழைந்தபோது தண்ணீர் மார்பளவு இருந்தது. எதிரே ஆட்கள் கூடி நின்றார்கள். நிமாய் பாயிலிருந்து கதவு வரை வந்திருக்கிறான். மாவுக்கட்டுக் காலோடு அதற்குமேல் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. கதவைத் திறந்தபோது உயிர் இல்லை. சாதனா அந்தத் தண்ணீரில் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அதன்மேல் வைத்த சந்தனம்கூடக் கலையவில்லை.

யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. ஷெஃபாலிதான் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாள். "பெட்டி இருந்திருந்தாலும் என்ன? அந்த தாக் சத்தத்துல, மைக் சத்தத்துல ஹார்ன் எங்க கேக்கும்? கேட்டிருக்காது." சுடுகாட்டிலிருந்து வந்தவர்களிடம் சொன்னாள். கிளப் செயலாளரிடம் சொன்னாள். சாதனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளிடமும் சொன்னாள். திருவேங்கடம் அதைப் பிடித்துக்கொண்டார். "அந்த அம்மாவே சொல்லுதா பாரு. கேட்டிருக்காது" என்பார், யாரும் கேட்காமலே. ஓத அட்டவணையை அவர் அதற்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

சாதனாவும் அதை நம்ப முயன்றாள். சில நாள் நம்பவும் செய்தாள். பெட்டியைத் திரும்ப மாட்டியாயிற்று. அடுத்த வருஷ மழையில் ஹார்ன் இரண்டு தடவை கத்தியது. இரண்டு தடவையும் கரை மொத்தமும் தப்பியது. "உன் புண்ணியம், தீதி" என்று அக்கா முறை வைத்து ஆட்கள் வந்து சொல்லும்போதெல்லாம் அவள் ஏதாவது வேலை இருக்கிறதென்று நகர்ந்துவிடுவாள். மழைச் சத்தத்தில் கேட்கிறதே! அப்படியானால் மேளச் சத்தத்தில்? வேலைக்குச் சேர்ந்திருந்தாள், நியூ டவுனில் ஒரு கம்பெனி. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்த ஒரே கேள்விதான். கேட்டிருக்காது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். தெரியாமல் இருப்பதுதான் நரகம் என்று நினைத்தாள். படித்தவர்களுக்கு இப்படி ஒரு கிறுக்கு உண்டு, எதையும் அளந்து பார்த்துவிட வேண்டும்.

காரணமும் வாகாக வந்து சேர்ந்தது. கரையோரத்தில் இன்னும் சில படித்துறைகளுக்கு ஹார்ன் வைத்துத் தரக் கேட்டார்கள். அதைப் பார்க்க வந்த வார்டு இன்ஜினியர் நியாயமாக ஒரு கேள்வி கேட்டார். "பூஜைக் கூட்டத்துல இது கேக்குமா?"

"நவமிக்கு அடிச்சுப் பாத்துடலாம்" என்றாள் சாதனா.

அர்க்யாவுக்குச் சம்மதமில்லை. "வேற நாள் பாத்துக்கலாமே. ஏன் அதே நாள், அதே இடம்?"

"அதே சத்தம் வேணும்."

"மாஷிகிட்ட சொல்லிட்டியா?"

சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னால் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள், சோதனை சரியாக இருக்காது என்று விளக்கினாள். அது உண்மைதான். முழு உண்மை இல்லை.

2010 நவமி. மதியம். வானம் பளிச்சென்று இருந்தது. அர்க்யா சுவிட்சை அழுத்தத் தயாராகப் படித்துறையில் நின்றான். சாதனா பந்தலுக்குப் போனாள். தாக் மேளம் காதைப் பிளந்தது. மைக்கில் பாட்டு. கிச்சுரி வரிசையில் ஷெஃபாலி வாளியோடு நின்றாள், சாதனாவைப் பார்த்துச் சிரித்து, "சாப்பிட்டியா, மா?" என்று உதட்டை அசைத்தாள். அந்தச் சத்தத்தில் அது சாதனாவுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இரண்டு கை தூரத்துப் பேச்சே கேட்கவில்லை, ஹார்னா கேட்கப்போகிறது? துர்க்கையின் முகத்தைப் பார்த்தாள். கேட்கக் கூடாது, தாயே, கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். தான் செய்த பொருள் தோற்க வேண்டும் என்று அப்படி மனசுருகி வேண்டிக்கொண்டவள் அவளாகத்தான் இருப்பாள். அர்க்யாவுக்கு மிஸ்டு கால் கொடுத்தாள்.

கேட்டது. மேளத்தையும் பாட்டையும் கிழித்துக்கொண்டு, ராகம் போட்டு, பஞ்சாப் லாரி பந்தலுக்குள்ளேயே புகுந்துவிட்டது போலக் கேட்டது. மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடி நின்றுவிட்டார். வரிசை கலைந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெயிலில் கரையைப் பார்த்து ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் முதல் ஆள் படித்துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். "தண்ணி இல்ல, தண்ணி இல்ல" என்று அங்கிருந்து கத்தியது பந்தலுக்குக் கேட்டது.

ஷெஃபாலி மட்டும் ஓடவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். சாதனா பக்கத்தில் போனாள்.

"நீதான் அடிக்கச் சொன்னியா?" என்றாள் ஷெஃபாலி.

"ஆமா, மாஷி."

"எதுக்கு?"

"தெரிஞ்சுக்கணும்னு..."

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" ஷெஃபாலியின் குரல் உயரவே இல்லை. "பெட்டியை எடுத்துட்டுப் போன்னு சொன்னவ நான். கதவைச் சாத்தினவ நான். கேட்டிருக்காது, கேட்டிருக்காதுன்னு சொல்லிச் சொல்லித்தான் இந்த ஒரு வருஷம் சோறு தின்னேன். இனிமே என்னத்தைச் சொல்லுவேன்?"

வாளியைத் தரையில் வைத்துவிட்டு நடந்தாள். ஓடிப்போன ஆட்கள் சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் திரும்பி வந்தார்கள், வரிசை மறுபடி கூடியது, மேளம் தொடங்கியது. வாளியைக் கையில் எடுத்திருந்த சாதனாவை யாரோ முன்னால் தள்ள, அதில் கிச்சுரி விழுந்தது. வார்டு இன்ஜினியர் வந்து, அருமையாகக் கேட்கிறது, எல்லாப் படித்துறைக்கும் வைத்துவிடலாம் என்றார். தலையாட்டினாள்.

வாளியைத் தூக்கிக்கொண்டு ஷெஃபாலியின் வீட்டுக்குப் போனாள். வெளித் தாழ்ப்பாளைப் போன வருஷமே பிடுங்கி எறிந்திருந்தார்கள். ஆணி இருந்த ஓட்டைகள் மட்டும் மரத்தில் இருந்தன. கதவைத் தட்டி, "மாஷி" என்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.